நாலாம் மாடியும் காதுப்பஞ்சும்

"எத்தனை சதுர அடி?" என்று கேட்டது தொலைபேசியில் ஒரு குரல்.

கண்ணாடிக்காரர் ஒரு கையில் யாரோ ஒருவருடைய மூக்குக்கண்ணாடியையும் மறுகையில் கடுகளவு திருகாணியையும் பிடித்திருந்தார். தொலைபேசி தோளுக்கும் காதுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தது.

"சதுர அடியெல்லாம் கிடையாதுங்க. நாங்க கச்சேரி பண்றவங்க. ராக் இசைக்குழு."

"அது சரி. நாலாம் மாடிதானே?"

"நாலாம் மாடிதான். அது எங்க குழுவோட பேரு."

"லிஃப்ட் இருக்கா?"

கண்ணாடிக்காரர் இணைப்பைத் துண்டித்தார். திருகாணி எங்கேயோ விழுந்துவிட்டது. காலையிலிருந்து இது பதினாலாவது அழைப்பு.

அவர் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாற்பது வருஷமாக நாலாம் மாடி என்ற ராக் இசைக்குழுவின் டிரம்மர். இளவயதில் நண்பர்கள் நாலு பேரும் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் பயிற்சி செய்ததால் அந்தப் பெயர் வந்தது. கீழ் மூன்று மாடிக்காரர்களும் சேர்ந்து விரட்டிவிட்டார்கள். பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. 'பூட்டு தொலைஞ்ச சாவி' என்ற அவர்களுடைய பாட்டு ஒரு காலத்தில் டீக்கடை, சலூன், கல்லூரி விடுதி என்று ஒரு இடம் விடாமல் ஒலித்தது. பிறகு பதினெட்டு வருஷம் எங்கேயும் ஒலிக்கவில்லை.

இப்போது மறுபடி மேடை ஏறப் போகிறார்கள். அதற்குக் காரணம் கண்ணாடிக்காரரின் வலது தோள். "அடுத்த மாசம் ஆபரேஷன் பண்ணிடலாம். அதுக்கப்புறம் டிரம்ஸ் வாசிக்கிறதைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்று மருத்துவர் சொன்னார். அந்த 'அப்புறம்' எந்த மாதிரியான அப்புறம் என்று கண்ணாடிக்காரருக்குப் புரிந்துவிட்டது. மற்ற மூவரிடமும் சொன்னார். ஒரே ஒரு கச்சேரி, அதுவும் அரங்கு நிறைய வேண்டும் என்று முடிவானது.

முந்நூறு நாற்காலி கொண்ட அரங்கு கிடைத்தது. "ஒரு வாரம் முன்னாடி நூறு டிக்கெட்டாவது போயிருக்கணும். இல்லேன்னா அன்னைக்கு சாயங்காலத்தை நடன வகுப்புக்குக் குடுத்துடுவேன்" என்றார் அரங்க மேலாளர்.

பத்து நாளில் ஒன்பது டிக்கெட் போனது. அதில் ஒன்று மச்சான் கைதவறி இரண்டு முறை அழுத்தியது.

மச்சான் என்பவர் கண்ணாடிக்காரரின் மனைவிக்குத் தம்பி. பேஸ் கிட்டார் வாசிப்பவர். லீட் கிட்டார், ஓய்வுபெற்ற வக்கீல். சுவரொட்டி வாசகம் அவர் எழுதியதுதான்: 'திரும்ப வருகிறது நாலாம் மாடி! நாற்பது ஆண்டுப் பாரம்பரியம்! முன்பதிவு ஆரம்பம்!'

"இதுல எந்த இடத்துலடா பாட்டுன்னு இருக்கு?" என்று அன்று மாலை கடையின் பின்னறையில் கண்ணாடிக்காரர் கேட்டார்.

"நம்ம பேரைச் சொன்னாலே தெரியாதா?" என்றார் வக்கீல்.

"தெரியுது. மூணு பேர் வாஸ்து கேட்டாங்க."

பாடகர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அவரைச் சிங்கம் என்பார்கள். பிடரி மயிர் மாதிரி தோள்வரை முடி. அறுபத்தாறு வயதிலும் அதில் ஒன்றுகூடக் குறையவில்லை. நிறம் மட்டும்தான் மாறியிருந்தது. "போட்டோ போடுங்கடா. மூஞ்சியைப் பாத்தா ஜனங்களுக்கு ஞாபகம் வரும்" என்றார் சிங்கம்.

போட்டோ போட்டார்கள். நாலு பேரும் கறுப்புச் சட்டையில் கைகட்டி நிற்கும் படம். கீழே 'நாலாம் மாடி.' மறுநாளிலிருந்து அழைப்புகளின் குரலில் ஒரு கனிவு சேர்ந்தது.

"எங்க அப்பாவைச் சேர்க்கணும். ரூமுக்கு எத்தனை பேரு? ராத்திரி நர்ஸ் இருப்பாங்களா?"

"இது முதியோர் இல்லம் இல்லைங்க!"

"கோச்சுக்காதீங்க ஐயா. உங்களை மாதிரி ஆளுங்க சந்தோஷமா நிக்கிறதைப் பாத்துத்தான் கூப்பிட்டேன்."

பழைய ரசிகர்கள் இல்லாமல் இல்லை. ஒருநாள் வாசிப்புக் கண்ணாடிக்காகக் கண் பரிசோதிக்க வந்தவர், எழுத்துப் பலகையின் நாலாவது வரியைப் படித்துக்கொண்டிருந்தவர், சட்டென்று திரும்பினார்.

"நீங்க... நாலாம் மாடி டிரம்மர்தானே? உங்க கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவன் சார் நான்!"

கண்ணாடிக்காரருக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போயிற்று. கச்சேரித் தேதியைச் சொன்னார்.

"அடடா! கண்டிப்பா வரணும். உக்காந்து கேக்கலாமா?"

"நாற்காலி இருக்கு."

"எத்தனை மணிக்கு முடியும்?"

"ஒன்பதுக்கு."

"ஒன்பதா?" அவர் முகம் வாடியது. "நான் எட்டரைக்கு மாத்திரை போட்டுடுவேனே. நீங்க வாசிங்க சார். வீட்டுலேர்ந்தே மனசார வாழ்த்திக்கிறேன்."

மனசார வாழ்த்துபவர்களைக் கணக்கெடுத்திருந்தால் அரங்கு மூன்று முறை நிரம்பியிருக்கும்.

அடுத்து, கண்ணாடிக்காரரின் மனைவி குழுவுக்கு இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினார். அதில் 'பூட்டு தொலைஞ்ச சாவி' பாட்டை ஏற்றினார்கள். பத்தாவது நிமிஷம் பாட்டு ஊமையாகிவிட்டது. 'இது பிறருக்கு உரிமையான இசை' என்று அறிவிப்பு வந்தது.

"பிறருக்கா? நான் எழுதின பாட்டுடா!" என்று கத்தினார் சிங்கம்.

பாட்டின் உரிமை அப்போது பதிவு செய்த நிறுவனத்திடம் இருந்தது. அந்த நிறுவனத்தை இன்னொன்று வாங்கி, அதை வேறொன்று விழுங்கியிருந்தது. வக்கீல் சட்டப்படி கடிதம் எழுதினார். இரண்டே நாளில் பதில் வந்தது: 'அனுமதிக்கு அசல் இசைக்குழுவினரை அணுகலாம் என்றால், அவர்கள் தற்போது உயிருடன் இருப்பதாகத் தகவல் இல்லை.'

வக்கீல் அதை இரண்டு முறை படித்தார். "இதை மறுத்து எழுதணும்னா ஆயுள் சான்றிதழ் வாங்கணும்" என்றார்.

"அதெல்லாம் விடுங்க. புதுசாப் பாடி எடுத்துப் போடுங்க" என்றார் மனைவி.

கடையின் பின்னறையில், எழுத்துப் பலகைமேல் கைபேசியைச் சாய்த்து வைத்துப் பாடினார்கள். லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்த மறந்துவிட்டதால் அதுவும் சுருதி சேர்ந்தது. மறுநாள் பார்த்தால் இருபத்தாறு பேர் பார்த்திருந்தார்கள். ஒரே ஒரு கருத்து இருந்தது. எழுதியவர் பெயர் 'காதுப்பஞ்சு.'

'டிரம்ஸ் வாசிப்பவர் யாரையோ எழுப்புகிறார். பாடுபவர் தூங்கவைக்கிறார். இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள்.'

"பதில் எழுதாதீங்க. ஒண்ணு ரெண்டாகும்" என்று மனைவி எச்சரித்தார்.

அதற்குள் சிங்கம் எழுதிவிட்டிருந்தார்: 'உனக்கு இசை தெரியுமா?'

இதற்காகவே காத்திருந்தது போல காதுப்பஞ்சிடமிருந்து உடனே பதில் வந்தது: 'தெரியும். உங்களுக்குத் தெரியாது என்பதும் தெரியும். எண்பத்தேழில் வந்த கேசட்டிலேயே இரண்டாம் சரணத்தில் உச்சத்துக்குப் போகும்போது சுருதி நழுவுகிறது. இத்தனை வருஷம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அத்தனை பேருக்கும் காது மந்தம்.'

அந்தக் கடைசி வரிதான் வினையானது.

எங்கிருந்தோ ஒருவர் வந்தார். 'யாருக்கடா காது மந்தம்? என் கல்யாணத்தன்னைக்கு ஓடின பாட்டு அது!' இன்னொருவர் பரணிலிருந்து கேசட்டை இறக்கிக் கேட்டுவிட்டு, 'மூணு தடவை கேட்டேன். நழுவவே இல்லை' என்று சாட்சி சொன்னார். மூன்றாவதாக வந்த அம்மாள், 'லேசாக நழுவுகிறது. ஆனால் அதுதான் அழகு' என்றார். அவ்வளவுதான், நழுவுகிற கட்சி, நழுவாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். மாத்திரைக்காரர் எட்டு இருபத்தைந்துக்கு வந்து, காதுப்பஞ்சை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் படுக்கப் போனார். புகழச் சொன்னால் சோம்பல்படுகிற ஜனம், சண்டை என்றதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டது.

காதுப்பஞ்சு தினமும் ஒன்று எழுதினான். வக்கீலின் கிட்டார் வாய்தா கேட்கிறது என்றான். மச்சானின் பேஸ் பக்கத்து வீட்டிலிருந்து கேட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்றான். அதிகம் அடி வாங்கியது சிங்கம்தான். 'பாட்டைவிட நடுவில் மூச்சு வாங்குவது ராகமாக இருக்கிறது' என்று வந்த அன்று சிங்கம் கடைக்கு வந்து மேஜையைக் குத்தினார். ஆறு கண்ணாடி ஃபிரேம்கள் கீழே விழுந்தன.

"இவன் வெளியாள் இல்லடா. இந்த அளவுக்கு நுணுக்கம் தெரிஞ்சவன் நமக்குள்ளதான் எவனோ" என்றார் சிங்கம்.

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னை ஏன்டா பாக்குற?" என்றார் வக்கீல்.

"நீதான் நாப்பது வருஷமா பாட்டு நீளம் நீளம்னு சொல்லிட்டிருக்கே" என்றார் சிங்கம்.

"அத்தான், எனக்கு அக்கா மேலதான் சந்தேகம். நம்ம பயிற்சி பண்ணும்போது காதுல பஞ்சு வெச்சுக்கிறது அவதான்" என்றார் மச்சான்.

கண்ணாடிக்காரர் வீட்டுக்குப் போய்ச் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தார்.

"நான் திட்டணும்னா நேராவே திட்டுவேன். முப்பத்தெட்டு வருஷமா அப்படித்தானே நடக்குது?" என்றார் மனைவி. அந்த வாதத்தில் ஓட்டை இல்லை.

அரங்க மேலாளர் சொன்ன கெடுநாள் வந்தபோது நூற்று எழுபது டிக்கெட் போயிருந்தது. நடன வகுப்பு வேறு இடம் பார்த்துக்கொண்டது. ஆனால் கச்சேரிக்கு நாலு நாள் இருக்கும்போது சிங்கம் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"நான் பாடல."

"என்னடா சொல்றே?"

"அவன் எல்லார் முன்னாடியும் ரெண்டாம் சரணம் என்னால முடியாதுன்னு எழுதிட்டான். முந்நூறு பேரும் அந்த ஒரு இடத்துக்குக் காதைத் தீட்டிக்கிட்டு வரப்போறாங்க. நழுவிடுச்சுன்னா?"

கண்ணாடிக்காரர் வலது தோளை இடது கையால் பிடித்துவிட்டுக்கொண்டார். சிங்கம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்று மாலை கண்ணாடிக்காரர் மானத்தை விட்டுக் காதுப்பஞ்சுக்குத் தனியாக ஒரு செய்தி எழுதினார். 'ஐயா, நீங்கள் யாரென்று தெரியாது. இது எனக்குக் கடைசிக் கச்சேரியாக இருக்கலாம். முன் வரிசையில் உங்கள் பெயரில் ஒரு சீட்டு எடுத்து வைக்கிறேன், ஏழாம் எண். நேரில் வந்து கேளுங்கள். பிடிக்காவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் திட்டுங்கள்.'

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. 'வருகிறேன். டிக்கெட் கவுன்ட்டரில் சொல்லி வையுங்கள். இரண்டாம் சரணத்தில் பாடகர் சுருதியைக் குறைத்துக்கொண்டு தப்பித்தால் எழுந்து போய்விடுவேன்.'

அதைச் சிங்கத்திடம் காட்டினார். படித்ததும் சிங்கத்தின் கழுத்து நரம்பு புடைத்தது.

"வர்றானா? வரட்டும்! ஒரு கை பாத்துடுறேன்!"

அடுத்த மூன்று நாளும் அந்த மனிதர் வெந்நீரைத் தவிர வேறெதையும் குடிக்கவில்லை.

கச்சேரியன்று அரங்கு நிறைந்தது. நழுவுகிறவர்கள் இடப்பக்கமும் நழுவாதவர்கள் வலப்பக்கமும் தாமாகவே பிரிந்து உட்கார்ந்தார்கள். மாத்திரைக்காரர் மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து கண்ணாடிக்காரர் முன் வரிசையை எண்ணினார். ஐந்து, ஆறு. ஏழு காலி.

பாட்டுக்குப் பாட்டு பார்த்தார். காலியாகவே இருந்தது.

கடைசியில் 'பூட்டு தொலைஞ்ச சாவி' வந்தது. முதல் சரணம் முடிந்ததும் அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. இரண்டாம் சரணத்தில் சிங்கம் கண்ணை மூடிக்கொண்டு உச்சத்துக்குப் போனார். போய் அங்கேயே நின்றார். நழுவவில்லை. கண்ணாடிக்காரர் தோளை மறந்து அடித்த அடியில் ஒரு குச்சி முறிந்து பறந்தது. முந்நூறு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். முட்டிவலிக்காரர்கள் பக்கத்து ஆளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

முடிந்ததும் சிங்கத்தைச் சுற்றிக் கூட்டம் மொய்த்தது. கண்ணாடிக்காரருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. இவ்வளவு கூட்டத்தையும் சேர்த்துக் கொடுத்த அந்தப் பாவி இதைக் கேட்காமல் போய்விட்டானே என்று இருந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டே டிக்கெட் கவுன்ட்டருக்குப் போனார். அங்கே இருந்த பெண் கதவை மூடக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, காதுப்பஞ்சுன்னு ஒரு ஆளுக்கு முன் வரிசையில ஏழாம் நம்பர் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேனே. அவர் வரவே இல்லையா?"

"நேத்தே வந்துட்டாரே சார். போன்ல அந்தக் காதுப்பஞ்சு பக்கத்தையே திறந்து காட்டிட்டுத்தான் டிக்கெட்டை வாங்கிட்டுப் போனார்."

"அப்புறம் ஏன் சீட்டு காலியா இருந்துச்சு?"

"அதைத்தான் சார் நானும் அவர்கிட்ட கேட்டேன், 'மேடையில நின்னு பாடப்போற உங்களுக்கு எதுக்கு சார் சீட்டு?'ன்னு."