மீன் தொட்டியும் முகூர்த்தப் புடவையும்

ஒரு வேலையில் கை தேர்ந்தவர்களுக்கு ஒரு நோய் உண்டு. தெரிந்த அந்த ஒன்றை வைத்துக்கொண்டு உலகத்தில் மீதமுள்ள வேலைகளையும் முடித்துவிடலாம் என்று நம்புவார்கள். நன்றாகச் சமைப்பவர் மருத்துவம் சொல்வார். நன்றாகப் பேசுபவர் பாலம் கட்டுவதைப் பற்றிக் கருத்துச் சொல்வார். எனக்கு நூல் சுற்ற வரும். ஆகவே குழாய் வேலையும் வரும் என்று நினைத்தேன். (நினைத்தேன் என்பது அடக்கமான சொல். எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.)

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தின் ஒரு பக்கம் தறி. எதிர்ப்பக்கம் மீன் தொட்டி. தறி என் கணவரின் அண்ணனுடையது. அவரை நான் மாமா என்று அழைப்பேன். தொட்டி என் கணவருடையது, கட்டிலைவிட நீளமானது. அதற்குள் இரண்டு ஆஸ்கார் மீன்கள், விருந்தில் குறை கண்டுபிடிக்க வந்தவர்களைப் போன்ற முகத்தோடு உலவிக்கொண்டிருக்கும். தொட்டிக்கு அடியில் இருந்த மரப்பெட்டிக்குள் இன்னொரு சிறிய தொட்டி. மேலிருந்து வழியும் தண்ணீர் அதில் இறங்கி வடிகட்டப்படும். ஒரு மோட்டார் அதைக் குழாய் வழியாக மறுபடி மேலே தள்ளும்.

தொட்டி வந்து இறங்கிய அன்று மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பட்டு இருக்கிற எடத்துல இம்மாந் தண்ணியாடா?" ஒரு சொட்டு வெளியே வராது என்று என் கணவர் வாக்குக் கொடுத்தார். கொடுத்த சில மாதங்களில் அலுவலகப் பயிற்சி என்று ஓசூருக்குப் போய்விட்டார். வாக்கு வீட்டிலேயே தங்கிவிட்டது. அதைக் காப்பாற்ற நானும் தங்கியிருந்தேன்.

அந்தச் சமயத்தில் தறியில் ஏறியிருந்தது மாமாவின் மகள் பவித்ராவின் முகூர்த்தப் புடவை. ஊரார் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் நெய்பவர், தன் மகள் மணையில் உட்காரும் புடவையைத் தானே நெய்வது என்று நிச்சயதார்த்தத்தன்றே சொல்லியிருந்தார். அரக்கு நிற உடல், மஞ்சள் கரை. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல், அவரே நின்று பார்த்துச் சாயம் போட்டது. பாதிப் புடவைதான் வந்திருந்தது, கல்யாணமோ நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பாவுக்கு ஏதாவது ஆனால் வேறொன்று ஏற்றி முதலிலிருந்து நெய்ய நாள் போதாது.

கோடைக் காலைப் பொழுது ஒன்றில், மோட்டாரின் வாயில் குழாயை முறுக்கிப் பொருத்திய இடத்திலிருந்து தண்ணீர் சொட்டுவதைக் கண்டேன். பிளம்பரை அழைத்தால், சின்ன காஞ்சிபுரத்தில் தேர் ஓடிக்கொண்டிருப்பதாகவும், தேர் நிலைக்கு வந்த பிறகே தானும் ஒரு நிலைக்கு வரமுடியும் என்றும் சொன்னார். என் கணவரை அழைத்தேன். "மோட்டார ஆஃப் பண்ணிட்டு அப்டியே வுட்டுடு, நான் வந்து பாத்துக்கறேன். நீ கைய வெக்காத" என்றார். கடைசி வாக்கியத்தை நான் அன்பின் வெளிப்பாடாக எடுத்துக்கொண்டேன்.

தெருமுனைக் கடையில் டெஃப்லான் டேப் வாங்கி வந்தேன். குழாய் முனையின் திருகு மரையில் சுற்றுகிற அந்த வெள்ளை நாடாவைக் கையில் எடுத்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாடா என்ன, நூல் என்ன? தார் சுற்றி வளர்ந்தவள் நான். தறியில் குறுக்கே ஓடும் நூலைச் சிறு குச்சியில் சுற்றித் தருகிற அந்த வேலையை, எழுதப் படிக்கக் கற்பதற்கு முன்பே என் கை கற்றிருந்தது. மோட்டாரை நிறுத்தி, குழாயைக் கழற்றி, மரையின்மேல் நாடாவை இழுத்துப் பிடித்து, இழையோடு இழை ஒட்டி, இடைவெளி தெரியாமல் சுற்றினேன். முடிவில் நூல் அறுந்தால் நாங்கள் போடுகிற முடிச்சையும் போட்டேன். குழாய் வேலையின் வரலாற்றில் அப்படி ஒரு முடிச்சு அதுவரை விழுந்திருக்காது.

பிறகு குழாயை முறுக்கினேன். முறுக்க முறுக்க, வெள்ளை நாடா சுருள் சுருளாக வெளியே வந்தது. அறிவுள்ள எவரும் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பார்கள். நான் அதை மிச்சம் என்று முடிவு செய்து, நூல் கத்தரியால் ஒட்ட நறுக்கினேன். குழாய் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. அந்த எளிமையை என் கைத்திறனுக்குக் கிடைத்த மரியாதையாக ஏற்றுக்கொண்டேன்.

வேலையை முடித்ததோடு நின்றிருக்கலாம். (நிற்கவில்லை.) வீட்டாரை எல்லாம் அழைத்தேன். பவித்ராவின் தாயான வள்ளி அக்கா சமையலறையிலிருந்து வந்தார். பவித்ரா போனிலிருந்து தலை நிமிர்ந்தாள். மாமா தறிக்குழியில் உட்கார்ந்தபடியே மரியாதைக்காகக் கழுத்தைத் திருப்பினார். மோட்டாரைப் போட்டேன். ஒரு சொட்டு இல்லை.

"பரவால்லியே சரசு, பிளம்பருக்கு இனிமே இந்தத் தெருவுல வேலை இல்ல" என்றார் அக்கா.

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் குழாய் கழன்று பறந்தது. கோயில் யானை துதிக்கையைத் தூக்கியதுபோல் தண்ணீர் பெட்டிக்குள்ளிருந்து கிளம்பி எதிர்ச்சுவரில் அடித்தது. சுவரோடு போயிருக்கும். நான் ஓடிப்போய் உள்ளங்கையால் மோட்டாரின் வாயைப் பொத்தினேன். ஒன்றாக இருந்த தாரை மூன்றாகப் பிரிந்தது; அவற்றுள் ஒன்று நேராகப் பாவைத் தேடிப் போயிற்று.

மாமா தோள் துண்டை விரித்து, அதற்கு மேல் தன்னையும் விரித்துக்கொண்டு தறிமேல் கவிந்தார். பவித்ரா கதவோரம் மாட்டியிருந்த குடையைப் பிடுங்கி, விரித்து, கூடத்தின் நடுவே தன் முகூர்த்தப் புடவைக்குப் பிடித்தாள். அக்கா மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினார். (அப்படி ஒரு பிளக் இருப்பதை அந்த நேரத்தில் நான் முற்றிலும் மறந்திருந்தேன்.) மீன்கள் இரண்டும் கண்ணாடியருகே வந்து நின்று என்னைப் பார்த்தன.

மாமா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நனைந்த நூல்களை விரல் நுனியால் தடவிப் பார்த்து, "ஒரு சாண் பட்டுடுச்சு. யாரும் ஃபேன் போடாதீங்க, இழை பின்னிக்கும்" என்று மட்டும் சொன்னார். பவித்ராவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பழைய பருத்தித் துணிகளைக் கிழித்துக்கொண்டு அக்காவும் நானும் பாவின் இருபுறமும் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி எடுத்தோம். வெயில் சாயும்வரை அதே வேலைதான்.

மாமாதான் முதலில் எழுந்தார். தரையில் கிடந்த குழாய்த் துண்டை எடுத்து, அதில் மிஞ்சியிருந்த என் சுற்றலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுத்தினது அழகா இருக்குதும்மா. தறியில போட்டா ஒரு முழம் நெய்யலாம்."

முதலில் சிரித்தவள் பவித்ரா. அவள் சிரித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

என் கணவருக்கும் சொல்லத்தானே வேண்டும்? போனில் அனைத்தையும் கேட்டுவிட்டு, "எந்தப் பக்கமா சுத்தினே?" என்றார்.

"நூல் சுத்தற பக்கம்."

ஓசூரிலிருந்து பொறுமையாக விளக்கினார். குழாயை எந்தப் பக்கம் முறுக்குகிறோமோ அந்தப் பக்கமாகத்தான் நாடாவைச் சுற்ற வேண்டுமாம். என் கை பழக்கத்தில் சுற்றியது அதற்கு நேரெதிர்ப் பக்கம். "நீ இறுக்க இறுக்க அத அவுத்துக்கினு இருந்திருக்கே" என்றார். எங்கள் மணவாழ்க்கையில் என்னைப் பற்றி அவர் சொன்னவற்றில் இதைவிடத் துல்லியமானது வேறில்லை.

பாவு காய்ந்தது. சாயம் ஓடவில்லை, ஆனால் நனைந்த அந்தச் சாண் அளவுக்குப் பட்டின் மினுமினுப்பு மங்கிவிட்டது. இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்த மாமா, அறுத்துவிட்டுப் புதுப் பாவு ஏற்றப் போவதாகச் சொன்னார். முடியாது என்பது அவருக்கே தெரியும். பவித்ரா தறிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இத அறுத்தீன்னா நான் கடைப் புடவையிலதான்பா உக்காரணும். எனக்கு நீ நெய்யறதுதான் வேணும். மங்கினா மங்கட்டும்."

மாமா தறிக்குழியில் இறங்கினார். சற்று நேரத்தில் தறிச் சத்தம் கேட்டது.

முகூர்த்தத்தன்று அந்த மங்கல், கொசுவத்தின் முதல் மடிப்பில், பார்ப்பவர் கண்ணுக்கு நேராக வந்து நின்றது. மாப்பிள்ளையின் தாயார் குனிந்து, விரலால் தொட்டு, இது என்ன என்று கேட்டார். நான் மண்டபத்துத் தூண்களில் எது அகலமானது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"அதுவா அத்தை? அது எங்க சித்தி நெய்ஞ்ச எடம்" என்றாள் பவித்ரா, மிகுந்த பெருமையோடு.

அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். அந்தப் புடவை வெளியே வரும் ஒவ்வொரு விசேஷத்திலும் மடிப்பை விரித்து, புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். காட்டாவிட்டால் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது என்று நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்பதாயில்லை. இப்போதெல்லாம் நான் தூணைத் தேடுவதில்லை. அருகில் போய் நின்றுகொள்கிறேன். எங்கள் குடும்பத்தில் தறியில் உட்காராமலேயே நெய்தவள் நான் ஒருத்திதான்.