அமாவாசையன்று மாட்டைக் காவல் காத்தது

1995 மார்ச் 30, வியாழக்கிழமை, பங்குனி அமாவாசை. காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. காற்று மருந்துக்கும் இல்லை.

அன்று எனக்கு ஒரே வேலை: ஒரு மாட்டைப் பார்த்துக்கொள்வது.

அபிராமபுரத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒற்றை மாட்டை வைத்துப் பால் கறந்து பிழைப்பவள் கண்ணம்மா. தவிடு வாங்கச் சிந்தாதிரிப்பேட்டைக்குக் கிளம்பியவள், என் வாசலில் நின்றாள்.

"வாத்யாரே, இன்னிக்கு அமாவாசை. ஜனங்க அகத்திக்கீரைய கொண்டாந்து கொட்டும். புல்லு கெடைக்காம மாடு வெறும் வைக்கோலு துன்னுகினு கீது. திடீர்னு பச்சைய நெறைய துன்னா வவுறு ஊதிக்கும். ஒரு கட்டுக்கு மேல வுடாத. இந்த மாட்ட வுட்டா எனக்கு வேற பொழப்பு இல்ல."

"ஆயுள் முழுவதும் பள்ளிப் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவன் நான். ஒரு மாடு எம்மாத்திரம்? நிம்மதியாகப் போய்வா, அம்மா" என்றேன்.

நாற்காலியும் குடையுமாகக் கொட்டகை வாசலில் அமர்ந்தேன்.

முதலில் எதிர்வீட்டு ருக்மிணி மாமி வந்தார். அவர் கொணர்ந்த கட்டை மாடு மூச்சுவிடாமல் தின்று தீர்த்தது. அன்றைய அளவு முடிந்தது.

அடுத்து வந்தவர் மாடிவீட்டு வெங்கு மாமா. கையை நீட்டித் தடுத்தேன்.

"என்ன மாஸ்டர் இது, அநியாயம்! தர்ப்பணம் பண்ணிண்டு நேரா ஓடி வரேன். பசு வாயில கீரை படாம நான் எப்படி இலையில உக்கார்றது?"

அவருக்குப் பின்னால் நால்வர். எல்லார் முகத்திலும் பசி!

எனக்குள் இருந்த ஆசிரியர் விழித்துக்கொண்டார்.

"ஆளுக்கு ஓர் இணுக்கு! ஒன்றே ஒன்று! வரிசையில் நிற்க வேண்டும்!"

நின்றார்கள். பேசியவர்களை அதட்டினேன். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில்கூட நான் அத்தகைய ஒழுங்கைக் கண்டதில்லை.

ஆனால், நம் ஊரில் வரிசையைக் கண்டவர் சும்மா போவாரா?

"இன்னா சார் கியூ? மண்ணெண்ணெய் ஊத்தறாங்களா?" என்றார் சைக்கிளில் வந்த ஒருவர்.

"மாட்டுக்குக் கீரை."

"அப்டியா! நானும் ஒண்ணு போட்டுட்டுப் போறேன்."

கீரைக்காரி வரிசையின் கடைசியில் கூடையை இறக்கிவிட்டாள். "அகத்தி, அகத்தி! வாத்யார் மாட்டுக்கு அகத்தி!"

ஆளுக்கு எவ்வளவு என்று விதித்தேன். எத்தனை ஆள் என்று விதிக்கவில்லை. வரிசை தெருமுனையைத் தாண்டித் திரும்பிற்று. அதன் நேர்த்தியில் மெய்ம்மறந்து நின்றேன். மாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு!

"மாஸ்டர், பசுவுக்கு இடது பக்கம் மட்டும் ஏன் இப்படி வளர்ந்துடுத்து?" என்றார் ருக்மிணி மாமி.

திரும்பினேன். தட்டிப் பார்த்தேன். தவில்!

அந்த நேரம் பார்த்துத் தவிட்டு மூட்டையுடன் ஆட்டோவில் வந்து இறங்கினாள் கண்ணம்மா.

"ஐயோ! இன்னா வாத்யாரே பண்ணி வச்ச?"

"முறைப்படிதான் அம்மா கொடுத்தோம். ஒருவர்கூட முண்டியடிக்கவில்லை."

"முண்டியடிச்சிருந்தா பாதி கீரை கீழ கொட்டியாச்சும் போயிருக்கும்! என் மாடு சாவப் போவுது, நீ மொற பேசிக்கினு கீற!"

நல்லெண்ணெயில் பெருங்காயத்தைக் கரைத்து, மூங்கில் குழாயால் மாட்டின் வாயில் புகட்டினாள். கயிற்றை என் கையில் திணித்தாள். "இழுத்துக்கினு நட! நின்னா போச்சு!"

நான் இழுத்தேன், அவள் தள்ளினாள். வரிசையைக் கலையச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஆகையால், அதுவும் கைகூப்பியபடி எங்கள் பின்னாலேயே வந்தது!

தெருவை எத்தனை முறை சுற்றினோமோ, அறியேன். திடீரென்று மாடு நின்றது. கண்ணம்மா அலறினாள். மாடு கழுத்தை நீட்டி, தெருவே அதிர ஓர் ஏப்பம் விட்டது.

"வந்துச்சு! பொழச்சிக்கிச்சு!" என்று நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாள் கண்ணம்மா.

"பசுவுக்குப் பரம திருப்தி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, வெங்கு மாமா சாப்பிடப் போனார்.

அன்று மாலை மாடு பால் தரவில்லை. தெருவே பாக்கெட் பாலில் காப்பி குடித்து என்னை ஏசியது. இரண்டொரு நாளில் மாடு தேறிவிட்டது.

அடுத்த அமாவாசையன்று கண்ணம்மா கொட்டகை வாசலில் ஒரு தெருநாயைக் கட்டினாள். அது ஒருவரையும் வரிசையில் நிற்க வைக்கவில்லை.