பாசி வாங்கப் போன சோலைமலை

இனிமேல் ஆயுளுக்கும் கடைப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று சோலைமலை முடிவு கட்டிவிட்டான். தேயிலை ஸ்டோரில் வாரமெல்லாம் இயந்திர இரைச்சலில் வேகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் உயிர். லயத்து வீடுகளுக்குப் பின்னாலிருக்கும் பாறையில் மல்லாந்து, மூடுபனி மலையை விழுங்குவதையும் துப்புவதையும் பார்த்தபடி அரைத்தூக்கம் போடுவான். அந்த நேரம் பார்த்துத்தான் பெண்சாதி வீரம்மா கூப்பிடுவாள். "பஜாருக்குப் போயி சாமான் வாங்கிட்டு வாங்க."

பொகவந்தலாவைப் பஜாரில் இப்றாஹிம் நானாவின் கடையை எவர் கட்டினாரோ, அவருக்கு ஆம்பிளைகள் மேல் தீராத பகை. வாசலிலேயே வளையலும் வாசனைச் சவுக்காரமும் மினுக்கும். அரிசி, பருப்பு, பயறெல்லாம் கடைசி இருட்டில். அங்கே போய்ச் சேருவதற்குள் ரிப்பன் முகத்தில் உரசும், தொங்குகிற குடை கண்ணைக் குத்தும், வாங்க வந்தது மறந்தே போகும்.

"ஏன் நானா, பருப்பக் கொண்டுபோயி குகைக்குள்ள வச்சிருக்கீங்க?"

"பருப்பு முன்னுக்கு இருந்தா வளையல யாரு தம்பி பாக்கிறது?"

போன வாரம்தான் சோலைமலைக்கு ஞானம் பிறந்தது. எதைக் கேட்டாலும் தப்பாகவே வாங்கிக்கொண்டு போனால்? அலுத்துப்போய் அவளே அனுப்புவதை நிறுத்திவிடுவாள். மிளகாய்த் தூள் கேட்டவளுக்கு, வாசலில் நின்றபடியே முகப்பவுடர் டின் ஒன்றை வாங்கிப் போனான்.

"தூளுன்னுதான சொன்ன. பவுடருன்னா தூளுதான?"

"ஒங்களக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு," என்று டின்னை உள்ளே கொண்டுபோனாள் வீரம்மா. பாதி வெற்றி என்று சோலைமலை நினைத்துக்கொண்டான்.

இந்த வாரம் பாசிப்பயறு கேட்டிருந்தாள். கடைவாசலில் பச்சைப் பாசிமணி மாலைகள் தொங்கின. மூடுபனி கடைக்குள்ளும் நுழைந்திருந்தது. அந்த வெள்ளைக்குள் மணிகள் மட்டும் மினுங்கின. எந்த ஊர், என்ன கிழமை என்பதெல்லாம் மறந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு ஒரு மாலையை வாங்கிக்கொண்டு, கடைக்குள்ளே காலே வைக்காமல் பஸ் ஏறினான்.

"பாசி கேட்டியே. இந்தா பாசி."

வீரம்மா மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பவுடர் வாசம் வந்தது. கல்யாணத்தன்று பார்த்த மாதிரி அவளைப் பார்த்தான் சோலைமலை. அவனுக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் இனிக் கடைக்குப் போகவேண்டாம் என்ற தீர்ப்புக்காகக் காத்திருந்தான். அப்போதுதான் அடுப்பில் பயறு வேகிற மணம் மூக்கில் ஏறியது.

"பயறு ஏது?"

"பக்கத்துக் காம்பரா மீனம்மா நேத்தே வாங்கியாந்தா. போன வாரம் மொளகாத் தூளும் அவதான்."

"அப்ப என்னைய எதுக்குக் கடைக்கு அனுப்புன?"

"அவ போனா பயறுதானங்க வரும். நீங்க போனாத்தான பாசி வருது."

பாறையும் அரைத்தூக்கமும் இனி வரப்போகிற ஞாயிற்றுக்கிழமைகளும் சோலைமலையின் கண்ணெதிரே பனியாகக் கலைந்தன. வீரம்மா ஒற்றைக்கல் மூக்குத்திகூட இல்லாத தன் மூக்கை மெதுவாகத் தடவிக்கொண்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழம கல்லுப்பு வாங்கணுங்க," என்றாள்.