ஓட்டைக்குள் ஓர் உருவப்படம்

பின்பக்க அறையைக் கைப்பற்றியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். காகிதம் வெட்டும் கலையைக் கற்க ஆரம்பித்திருந்த நேரம். கலைஞனுக்கு வெளிச்சம் வேண்டும். வீட்டின் வெளிச்சமெல்லாம் அந்த அறையில்தான் இருந்தது. அதே அறை தன் தையல் மெஷினுக்கு வேண்டும் என்று என் மனைவியும் முடிவு செய்திருந்தாள். அவளுடைய முடிவுகள் எப்போதும் என் முடிவுகளுக்கு மூத்தவை.

"ஏங்க, பேப்பர் வெட்ட ஒரு ரூமா? ஆடுகூட நின்ன இடத்துலயேதான் பேப்பர் தின்னுது."

"இது கலைம்மா! மிச்சமிருக்கிற பேப்பர் பாதிப் படம். வெட்டி எறிஞ்ச இடம் மீதிப் படம். வெற்றிடம்னு பேரு."

"வெட்டியா இருக்கறதுக்குப் பேரெல்லாம் வெச்சுட்டாங்களா?"

"உன் முகத்தையே வெட்டிக் காட்டறேன் பாரு."

"அதுக்குத்தான் இத்தனை நாளா காத்திருந்தீங்களா? சரி, பந்தயம். கீழ்வீட்டு அக்கா பாத்ததும் நான்தான்னு சொல்லணும். சொல்லிட்டா ரூம் உங்களுக்கு. இல்லேன்னா மெஷினுக்கு."

ஞாயிற்றுக்கிழமை, ஜெயிக்கிற நம்பிக்கையில் என் டேபிளை முன்கூட்டியே அந்த அறையில் போட்டுவிட்டு, அவளைக் கூடத்து நாற்காலியில் உட்காரவைத்தேன். அசையக்கூடாது, பேசக்கூடாது என்றேன். அவள் பேசவில்லை! கலையின் சக்தி அன்றுதான் எனக்கு விளங்கியது. கறுப்புக் காகிதத்தில் கொண்டையை வெட்டினேன். காதை வெட்டினேன். கண், மூக்கு, தாடை என்று கத்தி வழுக்கிக்கொண்டு போனது.

கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில், முகத்துக்கும் ஓரத்துக்கும் நடுவில், ஒட்டிக்கொள்ள ஓர் இழையாவது விட்டுவைக்க வேண்டும்; அதற்குப் பாலம் என்று பெயர் என்று வகுப்பில் வாத்தியார் தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தார். அவர் அதைச் சொன்னபோது நான் என் கலைக் கண்காட்சிக்கு யாரைத் தலைமை தாங்க அழைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

காகிதத்தைப் பெருமையாகத் தூக்கினேன். இடது கண் விழுந்தது. வலது கண் அதைத் தேடிக்கொண்டு போனது. மூக்கு பக்கத்திலிருந்த என் டீயில் குதித்தது. கடைசியில் முகமே மொத்தமாகக் கழன்று என் காலடியில் விழுந்தது. என் கையில் மிஞ்சியது, கொண்டை வைத்த ஒரு பெரிய ஓட்டை.

சரியாக அந்த நேரத்தில் கீழ்வீட்டு அக்கா படியேறி வந்தார்.

"என்ன தம்பி, எலியா?"

"இல்லக்கா... வெற்றிடம்."

"பெரிய எலிதான்."

போச்சு. அறை போச்சு. அப்போதுதான் என் மனைவி ஒரு காரியம் செய்தாள். காகிதத்தை வாங்கிக்கொண்டு பின்பக்க அறைக்குள் போனாள். கதவைச் சாத்தி, அதன் கண்ணாடியில் அதை ஒட்டினாள். ஓட்டைக்கு நேராக முகத்தை வைத்தாள்.

"இப்பப் பாருங்கக்கா!"

"அடடே, நீயேதான்டி! கண்ணுகூடச் சிமிட்டுதே! தம்பி, உங்க கை கையில்ல!"

"ரூம் உங்களுக்குத்தாங்க," என்றாள் மனைவி ஓட்டைக்குள்ளிருந்து. "பந்தயம்னா பந்தயம்."

அவள் பெருந்தன்மையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆனா ஏங்க, நான் நகந்தா படம் போயிடுமே?"

"ஆமா... போயிடும்."

"அக்கா ஒத்துக்கிட்ட படத்த நாமளே கெடுக்கலாமா? நான் இங்கயே இருந்துக்கறேன். சும்மா எப்படி உக்காந்திருக்கறது, அந்த மெஷினத் தள்ளிட்டு வாங்க."

தள்ளிக்கொண்டு போனேன்.

"உங்க டேபிள் படத்த மறைக்குது பாருங்க. வெளிய எடுத்துடுங்க."

எடுத்தேன். திரும்பி உள்ளே போவதற்குள் தாழ்ப்பாள் விழுந்தது.

"நான் எங்கம்மா உக்கார்றது?"

ஓட்டைக்குள் படம் சிரித்தது.

"நீங்களும் உள்ள வந்துட்டா படத்த யாருங்க பாக்கறது?"

அறை என்னுடையதுதான், கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.