கடைவாயில் கொஞ்சம் பாதரசம்

லிப்ட் பரிசோதகர் காலையில் எழுந்தார். பல் துலக்கினார். காபி குடித்தார். சாவியைத் தேடினார், மனைவி எடுத்துக் கொடுத்தாள். கைபேசியைத் தேடினார், எடுத்துக் கொடுத்தாள். செருப்பைத் தேடவில்லை. கால் நுழைக்கத் தோதாக அது ஏற்கனவே திருப்பி வைக்கப்பட்டிருந்தது. தினமும் இப்படித்தான்.

அன்று அவர் வாசலைத் தாண்டுவதற்குள் மனைவியின் கைபேசி அடித்தது. அவளுடைய தங்கை. ரயிலை விட்டு இறங்கி, பெட்டிகளோடு நிலையத்துக்கு வெளியே நிற்கிறாள். அக்கா வீட்டுக்காரர் வந்து கூட்டிப்போவதாக முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். விடிவதற்கு முன்பிருந்தே நிற்கிறாள். மழை வேறு.

மனைவி கைபேசியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"மறந்துட்டேன்" என்றார்.

வேலையில் அவர் எதையும் மறந்தவரில்லை. எந்தக் கட்டடத்து லிப்டின் கம்பி வடத்தை எப்போது மாற்றினார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். வீட்டு விஷயங்களை மட்டும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவார்.

கொழுந்தியாள் நனைந்த கோழி மாதிரி வந்து சேர்ந்தாள். அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் என்ன நடக்குமோ என்று அவர் அன்று முழுக்கக் கலங்கியபடியே லிப்ட் குழிகளில் இறங்கி ஏறினார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கையில் கைபேசியோடு காத்திருந்தாள்.

"வாயைத் திறங்க."

அவர் மன்னிப்பில் தொடங்கினார்.

"பேசச் சொல்லலை. திறங்க."

அவருடைய பையிலிருந்த டார்ச்சை எடுத்து உள்ளே அடித்துப் பார்த்தாள். ஒரு லிப்ட் குழியை அவர் எவ்வளவு கவனமாகப் பார்ப்பாரோ அவ்வளவு கவனமாகப் பார்த்தாள். கடைவாயில் கீழே ஒன்று, மேலே ஒன்று. பள்ளிக்கூடக் காலத்தில் சொத்தைக்கு அடைத்த வெள்ளி.

"வெள்ளின்னு சொல்றதெல்லாம் சும்மாங்க. பாதி பாதரசமாம். தடை பண்ணணுமா வேண்டாமான்னு உலகம் பூரா சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. ஞாபக மறதி வருமாம், எரிச்சல் வருமாம், சொன்னது மண்டையில ஏறாதாம்." அவள் குரல் தழைந்துவிட்டது. "பாவம். இது தெரியாம உங்களை நான் எவ்வளவு திட்டியிருக்கேன்."

அவர் பொய் சொல்லவில்லை. மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

அதன்பிறகு அவருக்கு நல்ல காலம் பிறந்தது. குழாய்க்காரரைக் கூப்பிட மறந்தார். மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்தை மறந்தார். மனைவியின் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தை, அதுவும் சட்டையெல்லாம் தேய்த்து வைத்தபிறகு, மறந்தார். கன்னத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு கொஞ்சம் தூரத்தில் பார்த்தால் போதும். "விடுங்க, நீங்க வேணும்னேவா செய்யறீங்க?" என்று மனைவி முடித்துவிடுவாள். கொழுந்தியாள் மட்டும் நம்பாத மாதிரி பார்த்தாள். ஊருக்குத் திரும்புகிற உத்தேசம் இருப்பதாகவும் தெரியவில்லை.

ஒருநாள் மனைவி, அந்த அடைப்பை எடுத்துவிட்டு வெள்ளைச் சிமெண்டு வைத்துக்கொள்ளலாம் என்றாள். அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. நானே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று தனியாகக் கிளம்பினார்.

பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, இரண்டும் கல்லுமாதிரி இருப்பதாகச் சொன்னார். பாதரசம் இருப்பது உண்மைதான். ஆனால் வெள்ளியோடும் தகரத்தோடும் செம்போடும் சேர்ந்து இறுகிக் கிடக்கிறது. கசிகிற ஆவி மிகமிகக் கொஞ்சம். ஆறும் மீனும் கெடுகின்றன என்று பல நாடுகள் இதை நிறுத்திவருகின்றன, தானும் புதிதாக யாருக்கும் வைப்பதில்லை. ஆனால் நன்றாக இருக்கிற பழசை நோண்டக் கூடாது. நோண்டும்போதுதான் ஆவி அதிகமாக வரும்.

"அப்ப, இதனால எனக்கு ஒண்ணுமே இல்லைங்கறீங்களா?" பரிசோதகர் குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

"ஒண்ணும் இல்லை சார். நிம்மதியா போங்க."

"ஞாபக மறதி?"

"அதுக்கு வேற காரணம் இருக்கும்."

வேறு காரணம் வீட்டில் செல்லுபடியாகாது. வழியெல்லாம் யோசித்தார். அடைப்பு கெடுதல் செய்யவும் வேண்டும், வாயை விட்டுப் போகவும் கூடாது. டாக்டர் சொன்னதில் பாதியை முழுங்கிவிட்டு மீதியை வீட்டில் சொன்னார். எடுத்தால் ஆபத்து. நோண்டினால் ஆவி.

மனைவி அதை மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் மாலையிலிருந்து வீடு மாறிவிட்டது.

நோண்டினால் ஆவி வரும் என்றால் மென்றாலும் வரும்தானே என்றாள். சோற்றைக் குழைத்துக் கரைத்துக் கிண்ணத்தில் கொடுத்தாள். சூட்டுக்கும் ஆவி வரும்; காபி ஆறி ஆடை படிந்து வந்தது. பிறகு அதுவும் நின்றது. அதற்குப் பதில் ஏதோ இலைகளை அரைத்துப் பிழிந்த பச்சைச் சாறு. பாதரசத்தை அடித்து வெளியே தள்ளுமாம். கொண்டுவந்து கொடுக்கிற வேலையைக் கொழுந்தியாள் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது அவரோடு பேசவும் ஆரம்பித்திருந்தாள்.

"அடியில தங்கியிருக்கு பாருங்க மாமா. அதுலதான் சத்து."

மகள் வேதியியல் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும் என்று தகவல் சொன்னாள். "அப்பா, நீங்க நடமாடுற தெர்மாமீட்டர்" என்றாள்.

அன்றே அவருடைய படுக்கை, பெட்டிகளும் பழைய மின்விசிறியும் கிடக்கிற சாமான் அறைக்குப் போனது. காற்றோட்டம் வேண்டுமென்று மனைவி ஜன்னலைக் கழற்றியே வைத்துவிட்டாள். அவருடைய கட்டிலில் கொழுந்தியாள் படுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவும் தங்கையும் பேசிச் சிரிப்பது கேட்டது. கொசுக்கள் மட்டும் பாதரசத்துக்குப் பயப்படவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவர் தனியாகப் படுத்ததில்லை. பக்கத்தில் திரும்பினால் பெட்டிதான் இருந்தது. காபியைக்கூட விட்டுவிடலாம் போலிருந்தது. இதுதான் தாங்கவில்லை.

மறதியை விட்டுப் பார்த்தார். குழாய்க்காரரைக் கூட்டிவந்தார். மின்கட்டணம் கட்டினார். கொழுந்தியாளின் பிறந்தநாளை, யாரும் சொல்லாமலே, ஞாபகம் வைத்து வாழ்த்தினார். மனைவி பூரித்துப்போனாள். "சாறு வேலை செய்யுது" என்று அளவைக் கூட்டினாள்.

கடைசியில் உண்மையையே சொல்லிவிட்டார்.

"ஏம்மா, டாக்டர் ஒண்ணுமே இல்லைன்னுதான் சொன்னாங்க. ஆரம்பத்துலயே சொல்லிட்டாங்க."

மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "டாக்டர் சொன்னதையே மறந்துட்டீங்க பாருங்க."

"மறக்கலை. நான் பொய் சொன்னேன்."

"அப்படி உங்களுக்குத் தோணுது. அதுவும் பாதரசம்தாங்க." அவள் கண் கலங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே அவளும் தங்கையும் வெகுநேரம் குலுங்கிக்கொண்டிருந்தார்கள். தன்னால் இரண்டு பெண்கள் அழும்படி ஆகிவிட்டதே என்று அவர் நொந்துகொண்டார்.

"எப்ப நான் உள்ளே வந்து படுக்கறது?" என்று அன்றிரவு படுக்கையறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டார்.

"ஆவி அடங்கட்டுங்க" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் அழுக்குச் சட்டையோடு பல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். பரிசோதகர் உட்காரக்கூட இல்லை. கொழுந்தியாள் மழையில் நின்றதில் தொடங்கிப் பச்சைச் சாறு வரை கொட்டித் தீர்த்தார். பாதியை முழுங்கினதையும் சொன்னார்.

"நான் சொன்னா அவ நம்பமாட்டா டாக்டர். நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நான் என் ரூமுக்குப் போயிடுவேன். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், முழு உண்மையையும் நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க."

டாக்டர் கையைத் துடைத்தார். சிரிப்பை அடக்க முகமூடியை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நீங்க அன்னைக்கு வந்துட்டுப் போன மறுநாளே அவங்க வந்து எல்லாத்தையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்களே சார். கதவு வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்து சொன்னாங்க, 'ஒருநாள் அவரே வந்து உண்மையைச் சொல்லச் சொல்லி உங்களைக் கெஞ்சுவார் டாக்டர், அதுவரைக்கும் நீங்க எதுவும் சொல்லிடாதீங்க, நான் பார்த்துக்கறேன்.'"