கேலக்ஸி மேல் கட்டிய பிராது

விருத்தாசலம்,
வெள்ளிக்கிழமை.

உயர்திரு பேராசிரியர் திருமால் ஐயா அவர்களுக்கு,

தங்களிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் வெண்பாவின் தகப்பன் கோவிந்தராசு பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி பானுமதியும் உடம்புக்குச் சுகம். மனசைப் பற்றிக் கேட்காதீர்கள். புனேயில் தாங்களும் குடும்பத்தாரும் குறைவில்லாமல் இருக்கப் பழமலைநாதர் துணை. தாங்கள் திருச்சிக்காரர், தமிழ் படிப்பீர்கள் என்று மகள் சொன்ன தைரியத்தில் எழுதி, போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அவள் போனிலிருந்து தங்கள் நம்பரைத் திருடியதற்கும் சேர்த்து மன்னிக்கவும்.

ஆராய்ச்சியை விட்டுவிடுவதாகத் தங்களுக்கு ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை மத்தியானம் அனுப்பப்போகிறாளாம். ஐயா, அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அவள்மேல் ஒரு தப்பும் கிடையாது. அவள் படிப்பைக் கெடுத்த பாவி நான்தான்.

நான் இங்கே ஒரு செராமிக் யூனிட்டில் சூளை பார்க்கிறவன். உள்ளே அடுக்கிய பீங்கான் பியூஸ் கேரியர் ஒழுங்காக வெந்ததா, வெடித்துத் தொலைந்ததா என்று எனக்கு மூன்றாம் நாள் தெரிந்துவிடும். இவளுக்கு ஐந்து வருஷமாகத் தெரியவில்லை. பொங்கலுக்கு வா என்றால் டேட்டா வந்திருக்குப்பா என்பாள், தீபாவளிக்கு வா என்றால் டேட்டா வரப்போவுதுப்பா என்பாள். போன தை மாசம் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பச்சமுத்து என்பவர் தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்தார். “பொண்ணு என்னா பண்ணுது?” என்றார். “ரொம்ப தூரத்துல இருக்கிற கேலக்ஸியில ஹைட்ரஜன் வாயு இருக்குதான்னு ரேடியோ ஆன்டெனா வெச்சிப் பாக்குதுங்க” என்றேன். “இருக்குதா?” “இன்னும் தெரியலைங்க.” “எத்தினி வருஷமா பாக்குது?” “அஞ்சு வருஷமா.” மனுஷன் பாதி காபியோடு டம்ளரை வைத்துவிட்டு, “பாத்து முடிச்சதும் சொல்லி அனுப்புங்க” என்று எழுந்து போய்விட்டார். பானுமதி அன்றைக்கெல்லாம் என்னோடு பேசவில்லை, என்னமோ அந்தக் கேலக்ஸியை நான்தான் தூரமாகக் கொண்டுபோய் வைத்த மாதிரி.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு ஐயா. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், நமக்கு அநியாயம் செய்தவர்மேல் போலீஸில் எழுதிக் கொடுப்பது போல முருகனிடம் பிராது எழுதிக் கட்டலாம். காரியம் முடிந்தால் நாமே போய் வாபஸ் வாங்க வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்தில் போய் எழுதினேன். “மேற்படி கேலக்ஸி என் ஒரே மகளை ஐந்து வருஷமாகப் பிடித்து வைத்திருக்கிறபடியால், அவளை விடுவித்து வீட்டுக்கு அனுப்பி வைக்க உத்தரவாக வேண்டியது.” அங்கே இருந்தவர் வாங்கிப் படித்துவிட்டு, “எதிராளி பேரு போடலியே?” என்றார். “பேரு இல்லீங்க, நம்பர்தான் இருக்குது.” “எந்த ஊரு, எத்தினி கிலோமீட்டரு?” தூரத்தைப் பொறுத்துத்தான் கட்டணமாம். நானென்ன கண்டேன்? அங்கேயே நின்று வெண்பாவுக்குப் போன் போட்டு, உன் கேலக்ஸி எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

ஐயா, அவள் நாற்பது நிமிஷம் பேசினாள். அங்கே கிளம்பின ரேடியோ அலை இங்கே வந்துசேர நானூறு கோடி வருஷம் ஆகுதாம், அந்த வாயுவிலிருந்துதான் நட்சத்திரமே பிறக்குதாம், சத்தம் ரொம்பச் சன்னமாம், நூற்றுக்கணக்கான மணிநேரம் காது கொடுத்தால்தான் கேட்குமாம். கடைசியில், “மொதமொதலா இன்னிக்குத்தான்பா நீங்க கேக்குறீங்க” என்று அழுதுவிட்டாள். அப்போதே அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தும் கிழிக்கவில்லை. கிலோமீட்டரில் எழுதினால் பூஜ்யத்துக்கே காகிதம் பத்தாது என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்து, “பொண்ணு புனேயிலதானே இருக்குது? அந்தத் தூரத்தைப் போடுங்க, மிச்சத்த சாமி பாத்துக்கும்” என்றார். பாத்துக்கிச்சு ஐயா, நல்லாவே பாத்துக்கிச்சு!

சரியாக மூன்றாவது வாரம் போன் வந்தது. அவள் இரண்டு வருஷமாகக் கேலக்ஸி கேலக்ஸி என்று நம்பிக்கொண்டிருந்த சத்தம் ஏதோ ஒரு சேட்டிலைட்டினுடையதாம். தங்களுக்குத் தெரியாததா. அதற்கடுத்த நாலாம் நாள் ஜங்ஷனில் பெட்டியோடு இறங்கினாள். வந்து பதினாறு நாளாகிறது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் படுத்தவள்தான். “உனக்கு இன்னொரு கேலக்ஸி கெடைக்காதா கண்ணு?” என்று பானுமதி தலையைத் தடவிக்கொடுத்தாள், அதற்கும் அழுகைதான் வந்தது. போன வாரம் சூளையைச் சூடு தணியுமுன்னே திறந்துவிட்டேன், ஒரு அடுக்கு முழுவதும் விரிசல் விட்டுவிட்டது, இத்தனை வருஷத்தில் அப்படிச் செய்ததில்லை.

ஆகவே நேற்றே மணவாளநல்லூர் போய்ப் பிராதை வாபஸ் வாங்கிவிட்டேன். இனி சாமியால் தொந்தரவு இராது. தாங்கள் அவளைக் கூப்பிட்டு, சத்தம் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுப்பதும் ஆராய்ச்சிதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள். நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்பாள்.

பிழை பொறுக்கவும். தங்கள் ஆன்டெனாக்களுக்கு இடி, மழை, குரங்கு எதுவும் அண்டாதிருக்க வேண்டிக்கொள்ளும்,

தங்கள் பணிவுள்ள,
கோவிந்தராசு.

பி.கு.: வாபஸ் வாங்கிவிட்டேன் என்று மேலே எழுதியது பொய். கோயிலுக்குப் போனது மட்டும் நிஜம். நேற்றுக் காலையில்தான் அவள் தானாக எழுந்து வந்து, அடுப்பங்கரையில் உட்கார்ந்து நாலு தோசை சாப்பிட்டாள். போதும்மா, போதும்மா என்று அவள் கையால் தட்டை மறைக்க மறைக்க பானுமதி இன்னொன்று போட்டாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டுப் போனவனிடம் அங்கே இருந்தவர், “காரியம் முடிஞ்சிடுச்சிங்களா, வாபஸா?” என்று கேட்டார். “இல்லீங்க, சும்மா சாமி கும்பிட வந்தேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தாங்கள் கூப்பிட்டால் அவள் கிளம்பிவிடுவாள், தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். கூப்பிடுங்கள் ஐயா. நாளைக்கும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும் விட்டுவிட்டு, திங்கட்கிழமை காலையில் கூப்பிடுங்கள்.