அப்பாவின் வெள்ளைக் கோட்டு வெள்ளையாக இல்லாதது குறித்து அத்தைக்கு

அன்பும் மரியாதையும் கொண்ட அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். துணி காயப்போடும் கொடியும் நலம். உங்கள் தையல் வகுப்பு மாணவிகள் ஊசியால் விரலைக் குத்திக்கொள்ளாமல் நலமாக இருக்கிறார்களா என்று அறிய ஆவல். நலம் விசாரித்த பிறகுதான் காரியத்துக்கு வர வேண்டும் என்று எங்கள் தமிழ் ஆசிரியை சொல்லியிருப்பதால் விசாரித்துவிட்டேன். இனி காரியம்.

அப்பாவின் வெள்ளைக் கோட்டை மறுபடி வெள்ளையாக்குவது எப்படி? இது ஒன்றுதான் கேள்வி. விடுமுறைக்கு வரப்போவதில்லை, "அங்கே என்னால் ஆக வேண்டியது ஒன்றும் இல்லையே" என்று எழுதியிருந்தீர்களே, அதற்காக இதை எழுதவில்லை. அதைப் படித்துவிட்டு அப்பா, "சரிதான். இங்க ஒரு குறையும் இல்லைன்னு பதில் போட்டுடு" என்றார். ஆகவே ஒரு குறையும் இல்லை. கோட்டு மட்டும்தான்.

நீங்கள் இந்த வீட்டைவிட்டுப் போன பிறகு துவைக்கும் பொறுப்பை அப்பா ஏற்றுக்கொண்டார். தண்ணீருக்குப் பாரபட்சம் கிடையாது என்பது அவர் கொள்கை. அதனால் கறுப்பு சாக்ஸ், என் ஊதாப் பாவாடை, அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி துடைக்கும் துணி, கோட்டு எல்லாமே ஒரே வாளியில் ஊறின. கோட்டு கொஞ்சம் கொஞ்சமாக மழைக்கு முந்தைய வானம் மாதிரி ஆனது. தினமும் பார்த்துக்கொண்டே இருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் கண் பரிசோதனைக்கு வந்த சின்னப் பெண் ஒருத்தி, கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்த டாக்டர் ஏம்மா குளிக்கல?" என்று அவள் அம்மாவிடம் கேட்டாள். அப்பா டாக்டரும் இல்லை, குளிக்காதவரும் இல்லை. இரண்டையும் விளக்குவதற்குள் அவர்கள் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

அன்றைக்கே நான் களத்தில் இறங்கினேன். கீழ்வீட்டு டைப்பிஸ்ட் அக்கா, "சொட்டு நீலம் போடும்மா, பளிச்சுனு ஆயிடும்" என்றார். எவ்வளவு என்று கேட்டேன். "கொஞ்சமா போடு" என்றார். கொஞ்சம் போட்டால் வெள்ளை என்றால் நிறையப் போட்டால் நிறைய வெள்ளைதானே? எனக்கு அது மறுக்க முடியாத நியாயமாகப் பட்டது. பாட்டில் காலியானது. கோட்டில் மேகம் எல்லாம் கலைந்து தெளிந்த வானமாகிவிட்டது, அங்கங்கே மட்டும் திட்டுத்திட்டாகக் கடல். வேறு கோட்டு இல்லாததால் அப்பா அதையே போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். நானும் துணைக்குப் போனேன். பார்த்து, அன்றைக்குத்தானா அந்த ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர் புதுக்கண்ணாடி வாங்க வர வேண்டும்? அப்பா மாட்டிவிட்டதும் அவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னய்யா கண்ணாடி இது, நீலமா தெரியுது?"

"எது சார் நீலமா தெரியுது?"

"நீதான்!"

"அது என் கோட்டு சார். கோட்டே நீலம்தான்."

"கண்ணாடிக் கடையில யாருய்யா நீலக் கோட்டு போடுவான்? ஆயுசு பூரா பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் காட்டி ரயில் அனுப்பினவன்யா நான். எனக்கே கலர் சொல்லித் தர்றியா?"

அப்பா மெதுவாக அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப பாருங்க சார்."

பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "இப்பவும் நீலம்தான்! அடப்பாவி, ஒரு நிமிஷம் போட்டதுக்கே என் கண்ணைக் கெடுத்துட்டியே!"

அவர் அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனார். நல்ல குரல் அவருக்கு, ரயிலே கேட்டு நின்ற குரல் அல்லவா. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கடைக்குக் கூட்டம் வந்தது, ஆனால் கண்ணாடி வாங்க இல்லை.

நீலத்தை எலுமிச்சைச் சாறு எடுக்கும் என்று பள்ளி நூலகத்தில் படித்தேன், எடுத்தும்விட்டது. அதோடு விட்டிருக்கலாம். "நீ விலகு, இனிமே நான் பாத்துக்கறேன்" என்று அப்பா பிளீச்சிங் பவுடரோடு வந்தார். கோட்டை ஊறவைத்துவிட்டு ஒரு கண்ணாடிக் காம்பின் திருகாணியைச் சரிசெய்ய உட்கார்ந்தார். திருகாணி வேலையில் அப்பா எப்படி என்று உங்களுக்குத் தெரியுமே, வீடே இடிந்து விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். வெளியே எடுத்தபோது கோட்டு பழைய செய்தித்தாள் நிறத்தில் இருந்தது. பாலியஸ்டர் கலந்த துணிக்கு அது ஆகாதாம், பவுடர் விற்ற கடைக்காரர் விற்ற பிறகு சொன்னார். "கிரீம் கலர்னு வெச்சுக்கோயேன்" என்றார் அப்பா. நிறம் போனாலும் மிடுக்காவது மிஞ்சட்டும் என்று நான் கஞ்சி போட்டேன். அத்தை, கஞ்சியிலும் "கொஞ்சம்" என்றுதான் சொல்கிறார்கள்! காய்ந்ததும் கோட்டு நாற்காலியில் தானாகவே உட்கார்ந்தது. அதைப் போட்டுக்கொண்ட அப்பாவுக்கு முழங்கை மடங்கவில்லை. கண்ணாடியை இரண்டு கையிலும் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார், வந்தவர்கள்தான் மூக்கைக் கொண்டுபோய் அதற்குள் நுழைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவுதான் நடந்தது. நீங்கள் கவலைப்பட ஒன்றும் இல்லை.

நேற்றுக் கஞ்சியை எல்லாம் அலசிவிட்டுக் கோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். நீங்கள் பிடிப்பது போலவே, தோள்பட்டை இரண்டையும் விரல்நுனியால். "இது வெள்ளையா, வெள்ளை மாதிரியா?" என்று உங்கள் குரலில் கேட்டேன். நீங்கள் கேட்கும்போதெல்லாம் அப்பா தலையைக்கூடத் தூக்காமல் "வெள்ளைதான், விடு" என்பார், நீங்கள் நம்பாமல் மறுபடி முக்குவீர்கள். நேற்று அப்பா எழுந்து வந்து, என் பக்கத்தில் நின்று, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "வெள்ளை மாதிரி" என்றார். பிறகு, "நாம நல்லா இருக்கோம்னு எழுதிட்டியா?" என்றார். நல்லா இருக்கோமா, நல்லா இருக்கிற மாதிரியா என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேட்கவில்லை.

நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் அப்பா சொன்னாரே, "போறவங்க போகலாம், வீடு ஒண்ணும் நின்னுடாது" என்று, அது சரிதான். வீடு நிற்கவில்லை. நொண்டிக்கொண்டே நடக்கிறது. உங்கள் மரக் கிளிப்புகள் கொடியில் அப்படியே இருக்கின்றன. எனக்கு இப்போது ஸ்டூல் இல்லாமலே அவை எட்டுகின்றன. இதை நேரில் காட்ட வாய்ப்பு இல்லாததால் எழுத்துமூலம் தெரிவிக்கிறேன். வகுப்பில் 'என் தாய்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். எனக்கு முகம் நினைவில்லாத அம்மாவைப் பற்றி என்ன எழுதுவது? நீங்க கோட்டை உதறும்போது என் மூஞ்சியில தண்ணி தெறிக்குமே, நான் கத்துவேனே, நீங்க வேணும்னே இன்னொரு தடவை உதறுவீங்களே, அதைத்தான் எழுதினேன். ஆசிரியை ஓரத்தில் "நடை நன்று, தலைப்பை விட்டு விலகிவிட்டாய்" என்று எழுதியிருக்கிறார். நான் விலகவில்லை அத்தை. இப்ப துணி உதறினா யார் மேலயும் தண்ணி தெறிக்கிறதில்ல, அவ்வளவுதான்.

மற்றபடி வெளுக்கும் முறையை மட்டும் எழுதி அனுப்பினால் போதும். எந்த இடத்திலும் "கொஞ்சம்" என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டாம். இதற்காக நீங்கள் அவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. உங்கள் மாணவிகள் வெட்டும் பொத்தான் துளைகள் எல்லாம் கோணாமல் அமையட்டும்.

இப்படிக்கு,
வெளுக்காத கோட்டின் தற்காலிகப் பொறுப்பாளரான
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: உறையில் போடும்போது அப்பா பிடித்துவிட்டார். கடிதம் முழுவதையும் படித்தார். "ஸ்டேஷன் மாஸ்டரை அடிச்சுடு" என்றார். "நொண்டுதுங்கிறதை அடிச்சுடு" என்றார். மையால் எழுதியது, அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்றேன். தன் பீரோவைத் திறந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே புத்தம் புதுக் கோட்டு! வெள்ளை மாதிரி இல்லை அத்தை, வெள்ளையேதான், கண் கூசுகிறது. நீங்களும் அப்பாவும் சண்டை போட்ட அன்று நீங்கள் தைத்துக்கொண்டிருந்ததாமே. கடைசிப் பொத்தான் மட்டும் பாதித் தையலில் தொங்குகிறது. நூல் கோத்த ஊசி அப்படியே குத்தி இருக்கிறது, அந்த இடத்தில் சின்னதாகத் துருக்கறைகூட விழுந்துவிட்டது.

எனக்கு வந்ததே கோபம். "ஏம்ப்பா, இதை வெச்சுக்கிட்டா அவ்வளவு கூத்தும்? கண்ணுக்கே தெரியாத திருகாணியெல்லாம் மாட்டுறீங்க, ஒரு பொத்தான் தைக்கத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப ஏன் தைக்கல?"

அப்பா கோட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். ஊசியை மட்டும் எடுக்கவே இல்லை. "பாதியில விட்டுட்டுப் போயிருக்கா. முடிக்க வருவா இல்ல?"

ஆகவே மேலே கேட்ட முறை எதுவும் வேண்டாம். எந்த ரயில் என்று மட்டும் எழுதுங்கள். இந்த வரியையும் அப்பா படித்துவிட்டார். அடிக்கச் சொல்லவில்லை.